ரூபர்ட் ஊருக்குப் போன கதை

"இருபத்திநாலாம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்துடணும். லூட்டெஃபிஸ்க் பண்றேன்" என்றார் தலைமையாசிரியை குன்வோர்.

ரூபர்ட் பிளென்கின் இங்கிலாந்திலிருந்து பெர்கனுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவன். நார்வேக்காரர்களைப் பற்றி வந்த மாதமே முடிவு கட்டிவிட்டான். கருவாட்டைச் சோடாக்காரத்தில் ஊறப்போட்டுக் கொழகொழவென்று ஆக்கி, அதற்கு லூட்டெஃபிஸ்க் என்று பேர் வைத்துப் பண்டிகைச் சாப்பாடு என்று சொல்கிற ஜனம்! பள்ளி விருந்தில் ஒரு வாய் தின்றிருக்கிறான். வேகவைத்த சோப்பு மாதிரி இருந்தது.

ஆனால் அவன் வேலையை ஜனவரியில் நீட்டிக்க வேண்டியவர் இதே குன்வோர்.

"அடடா, தூர்ஸ்டைன் முன்னாடியே கூப்பிட்டுட்டாரே" என்று பாட்டு வாத்தியாரை இழுத்துவிட்டான்.

"அவர்தான் நேத்தே ஸ்பெயினுக்குப் போயிட்டாரே!"

"அது... கேன்சல் ஆயிடுச்சு. அதனால நான் ஊருக்கே போறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

குன்வோருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம்! நானே ஏர்போர்ட்ல கொண்டு விடறேன்."

"வேணாம் குன்வோர், பஸ்ல போய்க்கறேன்."

"பேசாதே. நாளும் கிழமையுமா பஸ்ல போவியா?"

இருபத்திநாலாம் தேதி மத்தியானம் பெட்டிக்குள் இரண்டு தலையணைகளைத் திணித்துக்கொண்டு கிளம்பினான். அவர் இறக்கிவிட்டுப் போனதும் அடுத்த பஸ்ஸில் திரும்பி, திரையை இழுத்துவிட்டு, பீட்சா தின்றபடி படுத்துக்கிடப்பதாகத் திட்டம்.

குன்வோர் போகவில்லை. காரை நிறுத்திவிட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். "என்னப்பா, காத்து மாதிரி இருக்கு?"

"துணியெல்லாம் அம்மா வீட்லயே இருக்கு."

"சரி, டிக்கெட்டை எடு."

ரூபர்ட் கழிப்பறைக்குள் ஓடி, கைப்பேசியில் லண்டனுக்கு நிஜமாகவே ஒரு டிக்கெட் வாங்கினான். யானை விலை. வெளியே வந்தபோது குன்வோர் அறிவிப்புப் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு விரல்கடை பனி விழுந்ததுக்கு ஏர்போர்ட்டையே மூடிட்டாங்களாம் உங்க ஊர்ல! அதெல்லாம் ஒரு நாடா? வா வீட்டுக்கு. மீன் ஃப்ரீசர்ல இருக்கு, எவ்வளவு நேரமாயிடும்?"

மேசையில் மீன் கிடந்து தளதளவென்று ஆடியது. குன்வோரின் கணவர் ஹால்வர் தன் தட்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். மகள்கள் இருவரும் ரூபர்ட்டைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். ஜனவரியை நினைத்துக்கொண்டு, "அபாரம்!" என்றான்.

"இன்னொரு துண்டு வெச்சுக்கோ."

"ரெண்டா வைங்க" என்றது அவன் வாய், அவனைக் கேட்காமலே.

எல்லோர் தட்டிலும் இரண்டிரண்டு விழுந்தது. மிச்சத்தையும் எடுத்துவர குன்வோர் சமையலறைக்குப் போனார். ஹால்வர் மெதுவாக அவன் காதருகே குனிந்தார்.

"ஏம்ப்பா வந்தே? வெளிநாட்டு வாத்தியார் வந்தா மட்டும்தான் அவ இந்தக் கண்றாவியைச் செய்வா. நீ ஊருக்குப் போறேன்னதும் நாங்க கூத்தாடிக்கிட்டு ஆட்டு விலாவை அடுப்புல ஏத்தியிருந்தோம்."