டொய்ங்காரர் செய்துகொடுத்த சத்தம்

ஒரே ஒரு சத்தத்துக்காகப் பதினோரு நாள் சவரம் செய்யாமல் இருந்த மனிதர் சேலம் வட்டாரத்திலேயே ஒருவர்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். பெயர் ஏதோ இருக்கிறது. தெருவுக்கு அவர் டொய்ங்காரர்.

குமாரபாளையத்துத் தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் டிசைன் போடுவது தொழில். அது முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் சத்தம் செய்வார். பாட்டு அல்ல, வெறும் சத்தம். ஒரு ‘டொய்ங்’. கொஞ்சம் யோசனை. மறுபடி ஒரு ‘டொய்ங்’. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை ஒருமுறை உட்காரவைத்து, முப்பது டொய்ங் போட்டுக் காட்டி, எது பிடித்தது என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் தெருவில் நின்றே மீட்டரை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்.

சென்ற வருடம் என் மனைவி சரசுவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தபின் தினம் நான்கு வேளை மாத்திரை. ஃபோனில் அலாரம் வைத்தேன். அது அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். எனக்குத் தெரியாமல் அதை அணைத்தே வைத்துவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்த இரண்டு நாளில் மூன்று வேளை தவறி, தலைசுற்றி, நான் திரும்பி வந்த மாலை என் கண்முன்னே சமையலறையில் விழுந்தாள். ‘அலாரத்த ஏன் அணைச்சே?’ என்று பயத்தில் நான் போட்ட கத்தல் மாடிவரை கேட்டிருக்கிறது.

மறுநாள் காலை டொய்ங்காரர் லேப்டாப்போடு வந்து நின்றார்.

“ஏனுங்க்கா, அந்தச் சத்தத்துல எதுங்க உங்களைப் பயமுறுத்துது?”

அதுவரை யாரும், நான்கூட, அவளிடம் கேட்காத கேள்வி. சரசு யோசித்துச் சொன்னாள்: “திடீர்னு மேல வந்து உழுகுதுங்க தம்பி.”

“அப்ப மொனைய மழுக்கோணுங்க” என்றார் அவர்.

அவருடைய மென்பொருளில் ஒலி அலைகள் வரிசையாக அடுக்கியிருக்குமாம். கூரான அலையிலிருந்து உருண்டையான அலைக்கு நகர்த்தவேண்டும். ஒலியை வடிகட்டுகிற ஃபில்டர் ஒரு கணம் திறந்து உடனே மூடவேண்டும். அந்தத் திறப்புதான் தந்தியைச் சுண்டுகிற விரல். அதிகம் திறந்தால் நகம் பட்டதுபோல இருக்கும், குறைவாகத் திறந்தால் சதை பட்டதுபோல. பிறகு ஒலி இழுக்காமல் தானாகத் தேய்ந்து மறையவேண்டும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

தினமும் ஒரு சத்தத்தோடு இறங்கி வருவார். சரசு தலையணையில் சாய்ந்தபடி பெரிய சங்கீத விதுஷிபோலக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வாள். மூன்றாவது, தகரத்தில் கல் விழுந்த மாதிரி. ஐந்தாவது, சொட்டுத் தண்ணீர் மாதிரி; கேட்டதும் பாத்ரூம் போகத் தோன்றுகிறது என்றாள். அவர் கொஞ்சமும் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார். எட்டாவதை ஃபோனில் அலாரமாகவே வைத்துவிட்டுப் போனார்; அது எவ்வளவு மிருது என்றால், பக்கத்தில் இருந்த எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. மாத்திரை நேரம் தாண்டியதும் அவரே இறங்கி ஓடிவந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பதினோராவது நாள், தாடியும் சிவந்த கண்ணுமாக வந்தார். ஒரு சத்தம் வைத்தார். யாரோ விரல் நுனியால் ஒரு தந்தியைத் தொட்டுவிட்டு நகர்ந்துபோனது போல இருந்தது. சரசுவின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்தாள்.

“குத்துதுங்களாக்கா?”

“இல்லீங்க தம்பி. கூப்புடற மாதிரி இருக்குது.”

அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு, சவரம் செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை. அந்தச் சத்தம்தான் இப்போது ஃபோனில் அலாரம்; அதன்பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இனி மெதுவாகப் படி ஏறலாம் என்றார் டாக்டர். முதலில் மலைக்கோயிலுக்குத்தான் போகச் சொல்வாள் என்று நினைத்து நான் வண்டிச் சாவியை எடுத்தேன். சரசு என் தோளைப் பிடித்துக்கொண்டு டொய்ங்காரரின் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். பதினெட்டுப் படி. நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். இறங்கிவிடலாமா என்று கேட்டேன். அடுத்த படியில் காலை வைத்தாள்.