பால்கனியைப் பிடிக்க ஒரு பசுமை மேடை

குளியலறை வாசலில் சாய்வு நாற்காலி போட்டு செய்தித்தாள் படிக்கிற மனுஷனுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? அன்று காலை மகள் தோளில் துண்டோடு வந்தாள். "அப்பா, காலை மடக்குங்க" என்றாள். தாண்டிப் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தில் தலையங்கம் கரைந்தது. அந்த இடத்தில்தான் நம்ம வாடாப்பூக்காரர் சபதம் எடுத்தார்: பால்கனியை மீட்டே தீருவது.

வாடாப்பூக்காரர் என்பது ஊர் வைத்த பேர். விழாக்களுக்கு மேடை அலங்காரம் செய்கிறவர். கிடங்கு நிறைய பிளாஸ்டிக் ரோஜா, தெர்மாக்கோல் தூண், ஜிகினா தோரணம். அவருடைய ரோஜா வாடாது, உதிராது, சோப்புத் தண்ணீரில் அலசிப் போட்டால் அடுத்த மணப்பெண்ணுக்கும் ஆகும். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மனைவி, உயிருள்ள செடி என்றால் உயிரை விடுகிறவள். விதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது.

அந்தச் சாய்வு நாற்காலி தேக்கு மரம், பிரம்புப் பின்னல். முதல் பெரிய மேடை போட்ட கையோடு வாங்கியது. ஒரு காலத்தில் பால்கனியில் கிடந்தது. காற்றும் அவரும் நாற்காலியுமாக மூன்று பேர் அங்கே சுகமாக வாழ்ந்தார்கள். பிறகு மனைவி ஒரு செடி கொண்டுவந்தாள். "ஒரே ஒரு செடிங்க, ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அது ஓரமாகத்தான் இருந்தது. அதன் சொந்தபந்தம்தான் நடுவில் வந்து உட்கார்ந்தது. உடைந்த வாளியில் பெரணி, ஓட்டை டப்பாவில் காசித்தும்பை, ஜன்னல் கம்பியெல்லாம் மணி பிளான்ட். ஒருநாள் அவசரத்தில் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தபோது, காது வழியாக ஈரமண் இறங்கியது. நாற்காலி பால்கனியிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து நடைக்கு, நடையிலிருந்து குளியலறை வாசலுக்கு என்று பின்வாங்கியது. அடுத்த கட்டம் குளியலறைக்குள்ளேதான்.

சண்டை போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். போட்டார். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு புதுத் தொட்டி வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

சபதம் எடுத்த அன்றே வழியும் வீடு தேடி வந்தது. வந்தவர் தலைமையாசிரியை. பணி ஓய்வு பெறுகிறார், அதற்கொரு விழா, அதற்கொரு மேடை. பேச்செல்லாம் கரும்பலகையில் எழுதுவதுபோல் நேர்க்கோட்டில் வரும். மேடையில் ஒரு பிளாஸ்டிக் இதழ் இருந்தாலும் ஏற மாட்டேன் என்றார். தெர்மாக்கோல் கூடாது. பறித்த பூவும் கூடாது. எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும், விழா முடிந்தபின் எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது.

வாடாப்பூக்காரர் இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மணி பிளான்டின் ஓர் இலை அவர் கழுத்தைத் தடவியது. சட்டென்று மூளைக்குள் ஒரு பல்பு எரிந்தது. வீட்டிலிருக்கிற செடியை எல்லாம் மேடையேற்றுவது. முடிந்ததும் மைக்கைப் பிடித்து, வந்தவர்களெல்லாம் ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள் என்று அறிவிப்பது. அத்தனை பேர் முன்னால் மனைவி என்ன செய்ய முடியும்? சிரிக்கத்தான் முடியும். தலைமையாசிரியையிடம் யோசனையைச் சொன்னார். அவர் முகம் மலர்ந்து, "இவ்வளவு நல்ல மனசா உங்களுக்கு?" என்று கேட்டார். வாடாப்பூக்காரர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

மனைவியிடம் பாதியை மட்டும் சொன்னார்.

"ஏம்மா, உன் செடிங்களை மேடையேத்தலாம்னு இருக்கேன்."

பூச்சி விழுந்த இலையைப் பார்ப்பதுபோல் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை வேணும்?"

"எல்லாம்."

"எல்லாமேவா?"

"ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் போனா, அதுக்கு மனசு கஷ்டப்படாதா?"

"முடிஞ்சதும் எங்க போகும்?"

அவருக்கு இருமல் வந்தது. "அது டீச்சரம்மா முடிவு. குப்பைக்கு மட்டும் போகாது."

"அப்ப சரி" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்றதில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மனம் அதற்குள் பால்கனியில் காலை நீட்டிப் படுத்துவிட்டது. தொட்டிகளைத் தானே துடைத்தார். தானே தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டபோதும் முனகவில்லை. பார்த்துக்கொண்டே நின்ற மனைவி, டீச்சர் எதில் உட்காருவார் என்று கேட்டாள். கிடங்கிலிருந்த தங்க நிறச் சிம்மாசனம் அடிமுதல் முடிவரை பிளாஸ்டிக். அவர் விழித்தார்.

"நம்ம சாய்வு நாற்காலியைப் போடுங்க" என்றாள். "தேக்கு, பிரம்பு. அது மாதிரி ஒரு கம்பீரமான நாற்காலி எங்க கிடைக்கும்?"

தன் நாற்காலியை அவள் புகழ்ந்து கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதையும் வேனில் ஏற்றினார்.

வாடாப்பூக்காரர் எப்போதும் விழாவுக்கு இரண்டு நாள் முன்பே மேடை கட்டி, மண்டபத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பிளாஸ்டிக்குக்கு இரண்டு நாளும் ஒன்றுதான், இரண்டு வருஷமும் ஒன்றுதான். இதற்கும் அப்படியே செய்தார். மண்டபத்தின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே புல்வெளி. கதவுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு இரும்பு பிரேம் நிறுத்தி, தரையோடு முடுக்கி, தொட்டி தொட்டியாகக் கட்டுக்கம்பியால் கட்டினார். சூரியகாந்தி மேலே, காசித்தும்பை நடுவில், பெரணி கீழே. ஒரு முறுக்கு, ஓர் எதிர்முறுக்கு, மறுபடி ஒரு முறுக்கு. அவர் கட்டியது எதுவும் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. எல்லாப் பூவும் விருந்தினர் பக்கம் பார்த்துச் சிரித்தது.

தண்ணீர் ஊற்ற வந்த மனைவி, "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்துங்க வரும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"போகஸ் லைட் நாலு பக்கமும் போடுவேன். தொழிலை எனக்குச் சொல்லித் தராதே" என்றார்.

அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

விழா மாலையில். மதியம் மண்டபத்தைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். அத்தனை செடியும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் கண்ணாடிக் கதவு வழியே வந்த வெளிச்சத்தைத் தேடித் தேடி, சூரியகாந்தி கழுத்தை ஒடித்துத் திரும்பியிருந்தது. காசித்தும்பை சாய்ந்து போயிருந்தது. பெரணிகூட ஒதுங்கி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு வகுப்பு முழுக்கக் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி. விருந்தினர் பக்கம் தெரிந்ததெல்லாம் தண்டும், வெளிறிய இலையடியும், அவருடைய கட்டுக்கம்பியும்.

அவிழ்ப்பது ஒரு நிமிஷ வேலை. திருப்பி வைத்து மறுபடி கட்டுவது ஒரு நாள் வேலை. டீச்சர் நினைவு வந்தது. போனை எடுத்தார்.

"செடியெல்லாம் நல்லா இருக்குதாங்க?" என்றாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு. என்கூடத்தான் பேச மாட்டேங்குது."

வந்தாள். சிரிக்கவில்லை, அதற்காக அவர் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பார். பிரேமைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போனாள். வாடாப்பூக்காரரும் பின்னாலேயே போய்ப் பார்த்தார். அந்தப் பக்கம் அத்தனை பூவும் முழு முகம் காட்டி நின்றது. இலை ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்குக் கை நீட்டியிருந்தது. எத்தனையோ வருஷமாக மேடை கட்டுகிறார். இப்படித் தானாக ஒழுங்கு செய்துகொண்ட மேடையைக் கண்டதில்லை.

"எவ்வளவு அழகா கட்டியிருக்கீங்க" என்றாள் அவள், நிஜமாகவே.

"எல்லாம் திரும்பிக்கிச்சே."

"அதுங்களைத் திருப்ப முடியாது. ஆளுங்களைத் திருப்புங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணாடிக் கதவுகளைத் திறந்தார்கள். உள்ளே அடுக்கியிருந்த நாற்காலிகள் புல்வெளிக்குப் போயின. கதவு வாசலில், பூக்களுக்கு முன்னால், சாய்வு நாற்காலி. மாலையானதும் கட்டடத்தின் நிழல் புல்வெளியில் பாய்போல விரிந்தது. காற்று வந்தது. ஏசி வேண்டியிருக்கவில்லை, போகஸ் லைட் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

தலைமையாசிரியை வந்தார். மேடையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். இதை யோசித்தது யார் என்று கேட்டார். வாடாப்பூக்காரர் மனைவி பக்கம் கையை நீட்டப் போனார். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"இவருதான், டீச்சர். செடி பார்க்கிற பக்கம் நாம உக்காரணும், நாம உக்காந்த பக்கம் செடியைத் திருப்பக் கூடாதுன்னு இதே பேச்சு."

அவர் நெஞ்சு விம்மியது. கூடவே ஏதோ குத்தியது. இப்படி ஊர் முன்னால் தன்னைத் தூக்கி வைக்கிறவளின் செடியையா கிளப்பப் பார்க்கிறோம்? வேண்டாம், மைக் பக்கமே போக வேண்டாம் என்று ஒரு கணம் நினைத்தார். அப்புறம் "அப்பா, காலை மடக்குங்க" ஞாபகம் வந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

விருந்தினர் வர ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொட்டி. சிலர் கையில் இரண்டு. பூங்கொத்து வேண்டாம், பரிசு வேண்டாம், தர விரும்பினால் உயிருள்ள செடி தரலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தாராம். புல்வெளி ஓரம் செடி வரிசை நீண்டது. இடுப்புயரத்துக்கு ஓர் எலுமிச்சை, ஆளுயரத்துக்கு ஒரு மூங்கில். அது டீச்சருக்கு வந்த தலைவலி என்று வாடாப்பூக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

டீச்சர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வாழ்த்துகளைக் கேட்டார். எல்லாரும் பேசி முடித்ததும் மைக் வாடாப்பூக்காரர் கைக்கு வந்தது. பக்கத்தில் வந்த மனைவி, தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூச்சப்பட்டு எடுக்காமல் போய்விடுவார்கள் என்று காதோடு சொன்னாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"இந்த மேடையில இருக்கிறது எல்லாமே உங்களுக்குத்தான். யாருக்கு எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கிட்டுப் போங்க. ஒண்ணுகூட என் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் குறடை எடுத்துக் கம்பியை வெட்ட வெட்ட, சனம் வரிசையில் வாங்கிக்கொண்டு போனது. சூரியகாந்தி போனது. காசித்தும்பை போனது. ஹெல்மெட் போனபோது கையசைத்து வழியனுப்பினார். ஒருத்தர் விடாமல், தங்கள் வீட்டு விழாவுக்கும் இதே மாதிரிதான் வேண்டும், இனி பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிரேம் காலியானது. வாடாப்பூக்காரர் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி தன் நாற்காலியை எடுக்கத் திரும்பினார்.

நாற்காலி டீச்சர் வண்டியின் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, அது வந்து..."

"நீங்கதானே சொன்னீங்க, மேடையில இருக்கிறது எல்லாமேன்னு" என்றார் டீச்சர். "இத்தனை வருஷமும் நின்னுக்கிட்டே பாடம் நடத்தினவ நான். இன்னைக்குத்தான் சாஞ்சு உக்காந்தேன். முதுகு அப்படியே இளகிப்போச்சு."

இதற்கு மேல் ஓர் ஆண்மகன் என்ன சொல்ல முடியும்? "வச்சுக்கோங்க" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சும்மா வாங்கிக்குவேனா? எனக்கு வந்த செடி அத்தனையும் உங்களுக்குத்தான். என் வீட்ல பால்கனியே கிடையாது."

வேன்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணே, ஒரே நடையில ஏத்த முடியாது போலிருக்கே" என்றார்.

மறுநாள் காலை, கடைசி நடையில் வந்த மூங்கிலைப் பால்கனியில் இறக்கி வைத்துவிட்டு, வாடாப்பூக்காரர் மூச்சு வாங்கியபடி கேட்டார், எப்போதிலிருந்து தெரியும் என்று.

"செடிப் பக்கம் தலைவச்சுப் படுக்காத மனுஷன் தொட்டியைத் துடைச்சீங்க பாருங்க, அப்பவே" என்றாள் மனைவி, எலுமிச்சைக்கு இடம் பார்த்துக்கொண்டே. "பூங்கொத்துக்குப் பதிலா என்ன கொண்டுவரச் சொல்லலாம்னு டீச்சர் போன் பண்ணிக் கேட்டாங்க. செடின்னு சொன்னேன். ஆளுக்கொண்ணு குடுக்கப் போற உங்க யோசனையையும் அவங்களே சொல்லிட்டாங்க."

"நாற்காலி?"

"அது நான் நினைச்சே பார்க்கலைங்க. நீங்க மைக்ல சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது." சொல்லிவிட்டு எலுமிச்சைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோபம் வரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. காலை வெளிச்சம் இலைகளுக்குள் புகுந்து அவள் கையெல்லாம் பச்சையாய் விழுந்திருந்தது. இதே மாதிரி மேடை கேட்டவர்களின் விலாசங்கள் பையில் கிடந்தன. அத்தனை மேடைக்கும் செடி வேண்டும், செடிக்கு இவள் வேண்டும். இப்படி ஒருத்தியிடம் தோற்பதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு இலைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தார். எப்படியோ, பால்கனிக்கு வந்து சேர்ந்தாயிற்று.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம்."

தொட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். அங்கே மூங்கிலின் தம்பி நின்றிருந்தது. நடையில் புதுப் பெரணிகள். அதையும் தாண்டி, காலியாகக் கிடந்த ஒரே இடத்தில் தொட்டியைக் கவிழ்த்து, உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்தார்.

"அப்பா" என்றாள் மகள், துண்டோடு வந்து. "காலை மடக்குங்க."