தீவில் தவிக்க ஆட்சேபணை இல்லை

கப்பல் உடைந்து, ஆளில்லாத தீவில் ஒதுங்கிய சிலரை ஒரு ராட்சத நண்டு துரத்துவதைப் படமாக எடுக்க வேண்டுமென்றால் முதலில் தேவைப்படுவது கப்பலும் அல்ல, நண்டும் அல்ல. அனுமதி. இதை இயக்குநரைவிட நன்றாக அறிந்தவர் அவருடைய மைத்துனர். படக்குழுவின் மேனேஜரும் அவர்தான். அக்கா கணவர் கனவு காண்பார்; மைத்துனர் அந்தக் கனவைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி முத்திரை வாங்கி வருவார்.

இந்தப் படத்துக்கு அவர் வாங்கிய அனுமதி அப்பழுக்கில்லாதது. ‘மேற்படி எட்டு நபர்களும் மேற்படி தீவில் கப்பல் உடைந்து தவிப்பதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை’ என்று கரையோர மீட்பு அலுவலகமே எழுதிக் கொடுத்திருந்தது. அதைப் படித்தபோது இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. “மச்சான், நாம தவிக்கிறதுக்கு அரசாங்கம் இவ்வளவு மதிப்பு கொடுக்கும்னு நான் நினைக்கவே இல்லடா” என்றார்.

ஒரு வாடகைப் படகு எட்டுப் பேரையும் நண்டையும் தீவில் இறக்கிவிட்டுப் போயிற்று. நண்டு ஒரு மினி பஸ் அளவு இருக்கும். மூங்கில் விலா, ரப்பர் தோல், வயிற்றுக்குள் லாரி டியூப். காலுக்கு ஒருவராக எட்டுப் பேரும் கயிறு இழுத்தால்தான் அது நடக்கும். கதாநாயகன் ஓடும் காட்சியில் அவரே ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு, பயந்து அலறிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அதனால் நடிப்பு மிகவும் இயல்பாக வந்தது.

படப்பிடிப்பு முடிந்தது. படகு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அரிசி தீர்ந்தது. வெள்ளை அடித்து ராட்சத முட்டையாக அடுக்கி வைத்திருந்த பூசணிக்காய்களைச் சமையல்காரர் தோலைச் சீவிச் சீவிக் குழம்பு வைத்தார். அவையும் தீர்ந்தன. தண்ணீர் கேனைச் சாய்த்துப் பிடித்தால்தான் டம்ளர் நனைந்தது. சமையல்காரர் பாறைமேல் உட்கார்ந்து, “என் பொண்டாட்டி அப்பவே சொன்னா, தண்ணி சூழ்ந்த எடத்துக்குச் சமைக்கப் போகாதேன்னு” என்று வாய்விட்டு அழுதார்.

மேனேஜர் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“ஹலோ, மீட்பு அலுவலகமா? எங்களைக் கூட்டிட்டுப் போகப் படகு வரல சார். தண்ணி தீரப்போகுது. காப்பாத்துங்க!”

கரகரவென்று சத்தம். பிறகு மீட்பு அதிகாரியின் குரல். “நீங்க ‘ஓவர்’ சொல்லல. சொன்னாத்தான் முறையீடு முடிஞ்சதா அர்த்தம்.”

“ஓவர்!”

“உங்க படகுக்காரர் ஆளை இறக்கத்தான் அனுமதி வாங்கியிருந்தார். ஏத்துறதுக்கு வேற பிரிவுல கேக்கணும். அந்தப் பிரிவு அதிகாரி லீவு. அதனால படகைப் பிடிச்சு வெச்சிருக்கோம். அது போகட்டும். உங்க அனுமதியில ‘தவித்தல்’னு போட்டிருக்கு. தவிக்கிறீங்களா? ஓவர்.”

“ரொம்பத் தவிக்கிறோம் சார். ஓவர்.”

“அப்ப எல்லாம் ஒழுங்காத்தானே நடக்குது? ஓவர்.”

“ஐயோ, அனுமதி வாங்கினது நடிப்புக்கு சார். இது நிஜம்! ஓவர்.”

 மறுமுனையில் அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இங்க பாருங்க. நடிப்புக்கு அனுமதி வாங்கிட்டு நிஜமாத் தவிச்சா அது விதிமீறல். அபராதம், விசாரணைன்னு இழுத்துக்கிட்டே போகும். நான் காதுல வாங்கிக்கல. நடிக்கிறதாவே இருக்கட்டும். ஓவர்.”

மேனேஜருக்கு அந்த மனிதர்மேல் நன்றியே சுரந்துவிட்டது. “நல்லவேளை, தப்பிச்சோம் அத்தான்” என்று இயக்குநரிடம் வந்து சொன்னார். எதிலிருந்து தப்பித்தோம் என்று சமையல்காரர் கேட்டார்.

அன்று மாலை காற்று எழும்பிக் கடல் பொங்கியது. நண்டைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. வயிற்றில் லாரி டியூப் இருந்ததால் அது மூழ்கவில்லை. இரண்டு கொடுக்குகளையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கரையை நோக்கி மிதந்து போனது.

மறுநாள் காலையில் சங்கு ஊதிக்கொண்டு மீட்புப் படகு வந்தது. எட்டுப் பேரும் பாறைமேல் ஏறிச் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். தொண்டை கிழியக் கத்தினார்கள். படகு வேகத்தைக் குறைத்தது. அதிலிருந்தவர் ஒலிபெருக்கியை எடுத்து, “பிரமாதம்! அசல் மாதிரியே இருக்கு!” என்று பாராட்டிவிட்டு நண்டு போன திசையில் விரைந்தார். சற்று நேரத்தில் நண்டுக்கு வடம் கட்டி, இழுக்காமல் வலிக்காமல் பதமாக அழைத்துக்கொண்டு போனார்கள்.

மதியம் வயர்லெஸ் தானாகவே அலறியது. மேனேஜர் பாய்ந்து எடுத்தார்.

“நண்டு உங்களுதுங்களா?” அதிகாரியின் குரலில் இதுவரை இல்லாத பணிவு. “வந்ததுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. கால்நடை டாக்டர் பார்த்தார். நாடி பிடிபடல, ஆனா முகத்துல தெளிவு இருக்குன்னு சொல்றார்.”

“சார், அது ரப்பர்.”

“ரப்பர்னு இனிமே எழுத முடியாதுங்க. உயிரினம்னு எழுதி மேலே அனுப்பியாச்சு. அமைச்சர் பார்க்க வர்றார். ஊரே இங்கதான் கூடியிருக்கு. பொம்பளைங்க பூரா தலைக்கு ரெண்டு பக்கமும் கொடுக்குக் கொண்டை போட்டுக்கிட்டுத் திரியுது. என் வீட்டம்மா அந்தக் கொண்டையோட வாசல்ல நுழைய முடியாம இடிச்சுக்கிட்டு நிக்கிறா. இந்த நேரத்துல அது இப்படி அசையாமக் கெடந்தா என் நிலைமை என்ன ஆகும்? ஓவர்.”

‘ரப்பர்’ என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்த மேனேஜரின் பார்வை தண்ணீர் கேன்மேல் விழுந்தது. வாயை மூடினார். யோசித்தார். மறுபடி திறந்தார்.

“சார், அது வேத்து மனுஷங்களுக்கு மசியாது. நாங்க எட்டுப் பேரும் பக்கத்துல நின்னாத்தான் காலையே தூக்கும்.”

“எட்டுப் பேருமா?”

“காலுக்கு ஒரு ஆள் சார்.”

“கொடுக்குக்கு?”

“அது தானா ஆடும். ஓவர்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதில் மேனேஜருக்கு ஒரு தனிப் பெருமிதம்.

‘நண்டுப் பராமரிப்பாளர்களை அவசர நிமித்தம் அழைத்துவருதல்’ என்ற பெயரில் உடனே உத்தரவு பிறந்தது. வெயில் சாயுமுன் மீட்புப் படகு கொடி பறக்கத் தீவை நெருங்கியது. சமையல்காரர் பாத்திரங்களை மூட்டை கட்டித் தலையில் தூக்கிவிட்டார். படகு கரைதட்ட இன்னும் பத்தடிதான்.

“நிறுத்துங்க!” என்று ஒரு குரல் கேட்டது. இயக்குநர் காமிராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “மச்சான், அசல் அரசாங்கப் படகு! நம்ம வசதிக்கு இப்படி ஒண்ணு கிடைக்குமா? கடைசிக் காட்சியை எடுத்துடலாம்.” படகைப் பார்த்துக் கத்தினார்: “கொஞ்சம் பின்னாடி போய்த் திரும்பி வாங்க! வெயில் மூஞ்சிக்கு நேரா அடிக்குது!”

படகில் வந்த வேறோர் அதிகாரி பையிலிருந்து சீப்பை எடுத்தார். “நான் முன்னாடி நிக்கட்டுமா? தொப்பி இருக்கணுமா, வேண்டாமா?”

“தொப்பி இருக்கட்டும். கையை மட்டும் நீட்டிக்கிட்டு வாங்க, காப்பாத்துற மாதிரி.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் போதும். எட்டில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கதாநாயகன் கலைந்த தலையை இன்னும் அழகாகக் கலைத்துக்கொண்டார். சமையல்காரர் மூட்டையை இறக்கிவிட்டு மணலை அள்ளிக் கன்னத்தில் பூசிக்கொண்டு, “நான் அழுதுக்கிட்டு ஓடட்டுமா, ஓடி வந்து அழட்டுமா?” என்று கேட்டார். மேனேஜரே கிளாப் பலகையைத் துடைத்து எடுத்துவந்து, படகு தெரியும்படி நடுவில் நின்றார்.

படகு பின்னால் போனது. இன்னும் பின்னால் போனது. ஒரு புள்ளியாயிற்று.

“எவ்வளவு தூரம் போறார் பாரு” என்று இயக்குநர் உருகினார். “பெரிய கலைஞன்டா அவர்!”

புள்ளியும் மறைந்தது. மேனேஜர் வயர்லெஸ்ஸில் கேட்டார். “சார், படகு எங்க? ஓவர்.”

“கரைக்கு வந்துடுச்சே! பாதியில திரும்பி வரச் சொல்லிட்டோம். அமைச்சர் வர்றது ரத்தாயிடுச்சு. இனிமே அது காலைத் தூக்கினா என்ன, தூக்காட்டி என்ன? ஓவர்.”

அன்றிரவு ஏழு பேரும் இயக்குநருக்கு முதுகைக் காட்டிப் படுத்தார்கள். விடிந்ததும் ஒரு மீன்பிடிப் படகு வழிதவறி அந்தப் பக்கம் வந்தது. அதில் ஒற்றை ஆள். எட்டுப் பேரையும் பார்த்ததும் ஓவர் சொல்லும்படியெல்லாம் அவர் கேட்கவில்லை. “அடப்பாவமே! ஏறுங்க, ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!” என்று படகைத் திருப்பிக் கரையோரம் கொண்டுவந்தார்.

இந்த முறை காமிராவைச் சமையல்காரர் மூட்டைக்குள் போட்டு முடிந்துவிட்டார். எல்லாரும் முழங்காலளவு தண்ணீரில் தடதடவென்று இறங்கினார்கள். முதலில் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தவர் மேனேஜர்தான். ஒரு காலைத் தூக்கி உள்ளேயும் வைத்துவிட்டார். அப்போது அவர் முகத்தில் ஒரு கவலை படர்ந்தது.

“அண்ணே, ஒரு நிமிஷம். ஆளை ஏத்த அனுமதி வெச்சிருக்கீங்களா?”

மீன்பிடிக்காரர் விழித்தார். “அதுக்கு அனுமதி வேணுமா?”

“பின்னே? இல்லாம ஏத்தினா உங்க படகைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க.”

“ஐயய்யோ, நல்லவேளை சொன்னீங்க!” மீன்பிடிக்காரர் மேனேஜரின் காலைப் பக்குவமாக எடுத்துத் தண்ணீரில் விட்டார். “போய் வாங்கிட்டு வந்துடறேன்.” என்ஜின் உறுமியது. மேனேஜர் அதன் பின்னாலேயே ஏதோ கத்தினார். படகு போயே போய்விட்டது.

ஏழு பேரும் மேனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பயப்படாதீங்க” என்றார் அவர். “எந்தப் பிரிவுல கேக்கணும்னு கத்திச் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன்.”