டார்க் ரெஞ்சைக் குளிப்பாட்டிய விவரம்

மதிப்பிற்குரிய சண்முகவேல் சித்தப்பாவுக்கு,

சங்ககிரியிலிருந்து தனப்பிரியா பணிவன்புடன் எழுதுவது. சத்தீஸ்கர் காட்டில் நீங்களும், உங்கள் போர்வெல் வண்டியும், நீங்கள் போட்ட குழிக்குள் தண்ணீரும் நலமாயிருக்க வேண்டும். இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். உங்கள் டார்க் ரெஞ்ச் மட்டும் நலமில்லை. என் போனை அப்பா பூட்டி வைத்திருப்பதாலும் உங்கள் காட்டில் டவர் இல்லாததாலும், பைப் லாரி ஓட்டும் சின்னராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கிளம்பும்போது ரெஞ்சை என் கையில் கொடுத்து, "தீபாவளிக்கு நான் வந்து பாக்கறப்ப இது சரியா இருந்துச்சுன்னா, நீ மெக்கானிக்கல் படிக்க அண்ணங்கிட்ட நான் பேசறேன். இல்லீன்னா மூடிட்டு ராசிபுரத்து நீட் ஆஸ்டலுக்குப் போயிரு" என்றீர்கள். அப்பாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ரெஞ்சை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் பாடம் எடுத்தீர்கள். கைப்பிடியில் வைத்த எண்ணளவுக்கு நட்டு இறுகியதும் 'க்ளிக்' என்று சத்தம் போட்டு, போதும் நிறுத்து என்று சொல்லும் ரெஞ்ச் அது. வேலை முடிந்ததும் கைப்பிடியைத் திருகி இருப்பதிலேயே சின்ன எண்ணுக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தியே கிடந்து சோர்ந்துபோய்ப் பொய்க்கணக்குச் சொல்லும். நட்டை இறுக்கத்தான் அது, கழற்ற அல்ல. கீழே போடாதே, நனைக்காதே, பெட்டியை விட்டு வெளியே வைக்காதே. எனக்கு வேதியியலே இவ்வளவு நன்றாக மனப்பாடம் ஆனதில்லை.

நானும் பெட்டியோடு கொண்டுபோய் பீரோவில் வைத்தேன். "ஏஞ்சாமி, பட்டுச்சேலைக்கு நடுவுல இரும்பையா வெப்பாங்க" என்று அம்மா தூக்கி வெளியே வைத்தார். வெளியே வைத்ததை அப்பா தன் பட்டறைக்கு எடுத்துப் போனார். அங்கே கைப்பிடியைக் கடைசி எண் வரைக்கும் முறுக்கி ஆணியில் மாட்டிவிட்டு, "ஏத்தியே வெச்சாத்தான் கண்ணு பவரு நிக்கும்" என்றார். நான் இறக்கிவைப்பதும் அவர் ஏற்றிவைப்பதுமாக ஒரு மாதம் ஓடியது. பாவம், அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. இதற்கு நடுவில் லாரிக்கார குழந்தைவேல் மாமா, துருப்பிடித்த வீல் நட்டு ஒன்று கழலவில்லை என்று வந்தார். அப்பா பெரிய மனதோடு உங்கள் ரெஞ்சை எடுத்துக் கொடுத்தார். "மாமா, அது கழட்டறதுக்கு இல்லீங்க" என்றேன். "அடப் போ புள்ள, எறுக்கறது கழட்டாதா" என்று சொல்லி, கைப்பிடியில் ஒரு பைப்பையும் சொருகி, அதன் மேல் ஏறியே நின்றுவிட்டார். நட்டு அசையவில்லை, மாமாதான் விழுந்தார், கூடவே ரெஞ்சும். மாமாவை எழுப்பிவிட்டு நான் ரெஞ்சைத் திருகிப் பார்த்தேன், 'க்ளிக்' சத்தம் வரவே இல்லை.

அது போதாதென்று ஆயுத பூஜை வந்தது. பட்டறைச் சாமான் அத்தனையையும் அம்மா அண்டாவில் போட்டு, புளியும் சபீனாவும் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் உங்கள் ரெஞ்ச், எண்கள் இருந்த இடமெல்லாம் சந்தனமும் நடுவில் குங்குமமுமாக, கல்யாணப் பெண் போலப் படுத்திருந்தது. "அம்மா, அதுக்கு உள்ளார ஸ்பிரிங் இருக்குது, தண்ணி படக்கூடாது" என்றால், "சாமிக்கு வெக்கறதைக் குளிக்காமயா வெப்பாங்க" என்கிறார். சாய்த்தால் இப்போதும் உள்ளேயிருந்து புளித்தண்ணீர் சொட்டுகிறது.

ஆகவே சித்தப்பா, நான் தோற்றேன். நீங்கள் அப்பாவிடம் பேச வேண்டாம். ராசிபுரத்துக்கே போகிறேன். ரெஞ்சின் ஆயுள் முடிந்தாலும் உங்கள் ஆயுளும் சித்தியின் ஆயுளும் நீண்டு, போட்ட குழியெல்லாம் ஊற்றெடுக்க வாழ்த்தும்,
தனப்பிரியா

பி.கு.: இதை லாரி ஸ்டாண்டில் சின்னராஜ் அண்ணனின் பானெட் மேல் வைத்து எழுதுகிறேன். மேலே உள்ளது அப்பா படிப்பதற்காக எழுதியது. இப்போதெல்லாம் நான் எழுதும் எதையும் அவர் படித்த பிறகுதான் ஒட்ட விடுகிறார். படித்து முடித்து, சந்தோஷம் தாளாமல், "சின்ன நம்பருக்கு எறக்கோணும்னு மட்டும் எழுதியிருக்கறயே சாமி, அதுக்குங் கீழ திருகி லூசாவும் உட்டறக் கூடாது, அதையுஞ் சேத்து எழுது" என்றார். அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாம் தெரிந்தேதான் ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறார் மனிதர்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. குழந்தைவேல் மாமா ஏறி நின்றதும் அம்மா குளிப்பாட்டியதும், பழைய இரும்புக் கடையில் நான் பொறுக்கிய, க்ளிக் எப்போதோ செத்துப்போன அதே சைஸ் ரெஞ்ச். உங்களுடையது நீங்கள் கிளம்பிய அன்றே என் கூடப் படிக்கும் மோனிஷா வீட்டு அலமாரிக்குப் போய்விட்டது. அதன் பெட்டியைப் பழசுக்குக் கொடுத்துவிட்டதால், காய்ந்த துணியில் சுற்றி, சின்ன எண்ணில் நிறுத்தி, வேறொரு பெட்டியில் இந்த லாரியிலேயே வருகிறது. நீங்களே சோதித்துப் பாருங்கள். பார்த்ததும் டவர் கிடைக்கிற மேடு எதிலாவது ஏறி அப்பாவைக் கூப்பிட்டுவிடுங்கள். ஆஸ்டலுக்கென்று டிரங்குப் பெட்டி, பாய், பக்கெட் எல்லாம் நேற்றே வாங்கிவிட்டார். மற்றதைத் திருப்பிக் கொடுக்கட்டும், பக்கெட் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மெக்கானிக்கல் படித்தாலும் கிரீஸ் துணி துவைக்க வேண்டுமல்லவா.