கருங்கால், வெளிர்க்கால்

கைபேசி ஒரு தடவை அதிர்ந்தால் கருங்கால் குருவி. இரண்டு தடவை அதிர்ந்தால் வெளிர்க்கால் குருவி. இந்த ஏற்பாட்டை நம்பித்தான், குருவிக் கணக்கெடுக்கும் வேலையிலிருந்த பறவைக்காரர் காலை வேளையில் காட்டுக்குள் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார். கைபேசி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அதை அதிரவைக்க வேண்டிய மைத்துனன் எதிர்ப் புதருக்குள் பதுங்கியிருந்தான். மேற்பார்வையாளர் அம்மா அவருக்குப் பின்னால், தோளோரமாக, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றார்.

இரண்டு குருவியும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் அதே மங்கலான பச்சை. காலின் நிறம்தான் வேறு. அந்தக் காலை இலைக்கு வெளியே நீட்டிக் காட்டும் நல்ல குணம் இரண்டுக்குமே கிடையாது. ஆகவே பாட்டைக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். கருங்கால் இரண்டே சுரத்தை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கும். வெளிர்க்கால் உச்சியில் ஆரம்பித்து இழுத்துக்கொண்டே கீழே இறங்கும்.

போன பருவத்தில், குருவிகள் இந்த வருஷம் வரவேயில்லை என்று மேலிடத்துக்குச் சொல்லக் கிளம்பினார் பறவைக்காரர். மனைவி ஜன்னலைக் காட்டினாள். "அதோ தொண்டை கிழியக் கத்துதே, உங்களுக்குக் கேக்கலையா?"

டாக்டர் சோதித்துப் பார்த்து, குருவிப் பாட்டு மாதிரி உச்ச ஸ்தாயிச் சத்தம் எதுவும் இனிமேல் கேட்காது என்று கையை விரித்துவிட்டார். குருவிகள் ஒழுங்காக வந்திருந்தன. இவருடைய காதுதான் போயிருந்தது. அன்றைக்கு அவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

ஆபீஸில் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் கிடங்கில் உட்காரவைத்துக் கூடாரத்தையும் பூட்ஸையும் எண்ணச் சொல்வார்கள். காட்டை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. இந்த நிலையில்தான் வருஷாந்தரச் சோதனை வந்தது. முறை ரொம்பச் சுலபம். இருவரும் பேசாமல் நின்று, அவரவர் தாளில் கருங்காலுக்கு இடது பக்கமும் வெளிர்க்காலுக்கு வலது பக்கமும் கோடு போட வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் கிடங்கு. ஓடுகிற ஜீப்பில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே வெளியில் பாடுகிற குருவியின் பெயரைச் சொல்வார் என்று இந்த அம்மாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

மைத்துனன் பாட்டு வாத்தியார். மாணவன் ஒரு மயிரிழை சுருதி விலகினாலும் முகத்தைச் சுளிப்பவன். முந்தின நாள் மாலை இரண்டு பாட்டையும் ஒலிப்பதிவில் கேட்டுவிட்டு, "இதென்ன மாமா பெரிய வித்தை? ஒண்ணு தட்டுது, ஒண்ணு இறங்குது. நான் பாத்துக்கறேன்" என்றான். அவருக்கும் அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்த அம்மா தாளின் இடது மூலையில் தேதியை எழுதினார். உடனே கைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. பறவைக்காரர் இடது பக்கம் கோடு போட்டார். பின்னால் அந்த அம்மாவின் பேனாவும் கீறியது. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் இன்னொரு அதிர்வு. கோடு போட்டார். மறுபடி அதிர்வு. நிற்கிற வழியாகக் காணோம். காட்டில் இலைகள் அதிகமா, கருங்கால்கள் அதிகமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இவ்வளவு குருவியை யார் நம்புவார்கள்? பயந்துபோய் ஒன்றிரண்டை விட்டுவிடலாம் என்று பேனாவை நிறுத்தினார். அதிர்வும் பட்டென்று நின்றுபோனது. காடே வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. இது அதைவிட மோசமாக இருந்தது. அந்த அம்மாவின் பார்வை பிடரியில் குறுகுறுத்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள். சோதனை எப்படிப் போகிறது என்று கேட்க ஆசைப்பட்டிருப்பாள், பாவம். கைபேசி பக்கத்து மரத்துக்கே கேட்கிற மாதிரி உறுமியது. எடுத்து அணைத்தால் குட்டு உடையும். வேறு வழியில்லாமல் அதிர்வுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வலது பக்கம் வெளிர்க்கால், வெளிர்க்கால் என்று கோடு கோடாக இழுத்தார். அந்த அம்மா என்ன சத்தம் என்றுகூடக் கேட்கவில்லை. அவரும் வேக வேகமாகக் கீறிக்கொண்டிருந்தார்.

மனைவி ஓய்ந்ததும் இரட்டை அதிர்வு ஆரம்பித்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவசரம் என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டுப் புதருக்குள் பாய்ந்தார்.

"என்னடா பண்றே? எண்ணி மாளலையே" என்று மைத்துனனின் காதருகே சீறினார்.

"நேத்து தனித்தனியா கேட்டுச்சு மாமா. இங்க எல்லாம் ஒரே நேரத்துல கத்துது, எது எதுன்னு ஒரு மண்ணும் புரியல."

"அப்போ எதை வெச்சு அழுத்தினே?"

"அந்த அம்மா பேனாவை வெச்சுதான். இடது பக்கம் போனா ஒண்ணு, வலது பக்கம் போனா ரெண்டு. அவங்களுக்குத் தெரியாததா?"

கழுத்தை நெரித்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்தார். விடைத்தாளைத் திருத்துகிறவரிடமிருந்தே விடையைப் பார்த்து எழுதினால் எப்படித் தப்பாகும்? மைத்துனன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து, தாள் நிரம்பும்வரை வெளிர்க்கால்களை எழுதித் தள்ளினார்.

ஜீப்பின் முகப்பில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு கோடு பிசகவில்லை. ஆனாலும் அந்த அம்மா தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பறவைக்காரருக்குக் கிடங்கின் பூட்ஸ் வாசனை மூக்கில் ஏறியது. தானே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறக்கப்போனார்.

அந்த அம்மா டிரைவர் தூரத்தில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, அவர் பக்கம் குனிந்தார்.

"இனிமே எந்தக் காட்டுக்குப் போனாலும் நீங்க என்கூட வந்துடுங்க. எனக்குக் குருவிச் சத்தம் கேட்டு ரெண்டு வருஷமாச்சு, இன்னிக்கு முழுக்க உங்க பேனாவைப் பாத்துதான் எழுதினேன்."