தள்ளிப் போன சவாரி

"பிடிச்சிண்டிருக்கியா, பாலா?"

"பிடிச்சிண்டுதான் இருக்கேன்!"

குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. சுந்தரராமன் திரும்பிப் பார்த்தார். இருபது கஜத்துக்கு அப்பால், ஏரிக்கரை நடுவில், அவர் மனைவி பாலாம்பாள் பொய் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். சைக்கிளின் கேரியர் அவள் கையில் இருந்தது. மீதிச் சைக்கிள் அவரோடு வந்துகொண்டிருந்தது.

அடுத்த கணம் அவர் முட்புதருக்குள் இருந்தார்.

1968 டிசம்பர். நாற்பத்தாறு வயதுவரை சுந்தரராமன் சைக்கிளைத் தொட்டதில்லை. சிட்லபாக்கத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, அங்கிருந்து ரயில், ஆபீஸில் ஹெட் கிளார்க் நாற்காலி, மறுபடி ரயில், மறுபடி நடை. வாழ்க்கையில் அவருக்குச் சக்கரம் தேவைப்படவில்லை.

வினை வந்தது எதிர்வீட்டு ஜெபராஜின் இதயத்தில். தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் கணக்கு வாத்தியார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, வேலூரில் ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றார்கள். பதினைந்து வருஷமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே செய்தித்தாள். எட்டு மணிவரை ஜெபராஜ் படிப்பார், பிறகு சுந்தரராமன். குறுக்கெழுத்தை மட்டும் இருவரும் சேர்ந்து போட்டுத் தப்பும் தவறுமாக முடிப்பார்கள்.

போதகர் வேதசிரோமணி சபைக் கூடத்தில் தெருக்காரர்களையெல்லாம் கூட்டினார். "தாம்பரத்திலேருந்து செங்கல்பட்டுக்குச் சைக்கிள் சவாரி. பதினெட்டு மைல். ஓட்டுறவங்களுக்குத் தெரிஞ்சவங்க மைலுக்கு இவ்வளவுன்னு ஆபரேஷனுக்குக் கொடுக்கணும். ஜனவரி கடைசி ஞாயிறு. யார் யார் வர்றீங்க?"

சுந்தரராமன்தான் முதலில் எழுந்தார். உண்மையில், வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் எழுந்தார். அதற்குள் கூடம் கைதட்டிவிட்டது. மறுநாள் ஆபீஸ் முழுவதும் அவர் பேரில் பணம் தருவதாகக் கையெழுத்துப் போட்டது. ஹெட் கிளார்க் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்க அங்கே எதையும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

"ஓட்டத் தெரியாதுன்னு சொல்லிடுங்கோளேன்" என்றாள் பாலாம்பாள், அவர் முழங்கையிலிருந்து முள்ளை எடுத்தபடி.

"எப்படிச் சொல்றது? ஜெபராஜ் உசிரு விஷயம்."

கஷ்டம் என்னவென்றால், ஜெபராஜின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஏரிக்கரை நன்றாகத் தெரியும். அன்று மாலை அவருடைய மனைவி ஜெயசீலி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. காலையில நீங்க புதருக்குள்ள போனதைப் பார்த்து அவர் சிரிச்சுட்டார். இருமல் வர்ற அளவுக்குச் சிரிச்சார். ரெண்டு மாசமா அவர் சிரிக்கவே இல்லை."

சுந்தரராமனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் உயிரை எந்த மனுஷனின் சைக்கிளில் ஏற்றியிருக்கிறோம் என்று ஜெபராஜ் நேரிலேயே பார்த்துவிட்டாரே! மறுநாளே பயிற்சியைப் பின்தெருவுக்கு மாற்றினார். பக்கத்துவீட்டுத் தோத்தாத்ரி குருவாக வந்து சேர்ந்தார்.

"ஓய், கேரியரை மாத்தி நன்னா முடுக்கியாச்சு. அதுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழியைக் கட்டிட்டா சைக்கிள் சாயவே சாயாது. கழி தரையிலே ஊணிக்கும். சயன்ஸ்!"

சைக்கிள் சாயவில்லைதான். ஆனால் ஆறடிக் கழி பின்தெருவின் இரண்டு மதில் சுவர்களுக்கும் நடுவே கச்சிதமாகச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஸீட்டில் சுந்தரராமன். அவருக்குப் பின்னால் பால்காரரின் இரண்டு எருமைகளும் அவசரமாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். ரம்பம் கொண்டுவந்து கழியை அறுத்த பிறகுதான் எருமைகள் வீடு போய்ச் சேர்ந்தன.

செய்தி ஜெபராஜுக்குப் போயிற்று. அவரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது: 'சார், பின்தெரு உங்களுக்குப் போதாது. ஏரிக்கரைக்கே வந்துவிடுங்கள்.'

வந்தார். இந்த முறை கழியை நாலடியாகக் குறைத்திருந்தார்கள். கரைச் சரிவில் சைக்கிள் வேகமெடுத்தது.

"பிரேக்! பிரேக்!" என்று கத்திக்கொண்டே குறுக்கே வந்தார் தோத்தாத்ரி. பிரேக் எது, பெல் எது என்று சுந்தரராமனுக்கு அந்த நேரத்தில் புலப்படவில்லை. மணியடித்துக்கொண்டே தோத்தாத்ரியை வாரிக்கொண்டு ஏரிச் சேற்றில் இறங்கினார்.

தோத்தாத்ரிக்கு ஒன்றும் ஆகவில்லை. சுந்தரராமனுக்கு வலது மணிக்கட்டு உடைந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஜனவரியில் சவாரிக்குழு ஜெபராஜின் கட்டிலைச் சுற்றிக் கூடியது. சுந்தரராமன் கழுத்தில் கட்டிய தூளியில் கையோடு எழுந்து நின்றார்.

"நான் விலகிக்கறேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். குறிச்ச தேதியிலே நடத்துங்கோ."

"அதெல்லாம் முடியாது" என்றார் ஜெபராஜ். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பேசினார். "சார் இல்லாம சவாரி கிடையாது. மார்ச்சுக்குத் தள்ளிப் போடுங்க."

"மார்ச்சா? உங்க உடம்பு..."

"மார்ச்சுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாப் போச்சு. வால்வு எங்க சார் ஓடிடப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நோயாளியே சொல்லும்போது யார் மறுப்பது? தள்ளிப் போட்டார்கள்.

கட்டுப் பிரித்ததும் சுந்தரராமன் வெறிபிடித்தவர்போலப் பழகினார். பிப்ரவரி நடுவில் சைக்கிள் அவரோடு ஒத்துப்போகத் தொடங்கியது. ஓட்ட வந்தது, இறங்கத்தான் வரவில்லை. நிற்க வேண்டுமானால் தோத்தாத்ரி வந்து கட்டிப்பிடிக்க வேண்டும். தோத்தாத்ரி காபி குடிக்கப் போன ஒருநாள் அவர் ஏரிக்கரையில் பதினோரு தடவை மேலும் கீழும் போய் வந்தார். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஜன்னலிலிருந்து ஜெபராஜ் எண்ணிச் சொன்னார். "ஏழு... எட்டு சார்... நேரா பாருங்க, தரையைப் பார்க்காதீங்க..." அன்றிலிருந்து தினமும் எண்ணினார், ஆனால் அந்தக் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. சுந்தரராமன் அதைக் கேட்டும் கேட்காதவர்போல மிதித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தானாகவே பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, ஜன்னலுக்கு நேரே இறங்கினார்.

"நூற்றுக்கு முப்பத்தஞ்சு" என்றார் ஜெபராஜ். "பாஸ்."

வியாழக்கிழமை காலை செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் எதிர்வீட்டு வாசலிலேயே கிடந்தது. எட்டு மணிக்கு ஜெயசீலியின் அழுகுரல் கேட்டது.

அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து சுந்தரராமன் சரியாகச் சாப்பிடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். ஜனவரியில் சவாரி நடந்திருந்தால் பிப்ரவரி முதல் வாரத்தில் ஆபரேஷன். இந்நேரம் அவர் எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார்.

"நீங்க வேணும்னேவா கையை ஒடிச்சிண்டேள்?" என்று பாலாம்பாள் கேட்டாள்.

"வேணும்னு ஒடிச்சுக்கலே. ஆனா தள்ளிப் போனது என்னாலதானே?"

அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். எதிர்வீட்டு ஜன்னல் தெரியக்கூடாது என்று வாசல் கதவைச் சாத்தியே வைத்தார். ஜெயசீலி எதிரில் வந்தால் தலை குனிந்துகொண்டார். "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று அவள் கேட்டது அவருக்கு உதைத்ததைவிட அதிகமாக வலித்தது.

சவாரி நின்றுபோகும் என்று நினைத்தார். நிற்கவில்லை. "பணம் தனக்கு உதவாமப் போனா, இதே ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற வேற ஒரு பிள்ளைக்குக் கொடுக்கணும்னு ஜெபராஜ் எழுதி வச்சிருக்கார்" என்றார் போதகர். "ஊரப்பாக்கத்துல ஒரு பெண் குழந்தை இருக்கு. ஒன்பது வயசு."

மார்ச் இரண்டாம் ஞாயிறு விடியற்காலையில் இருபத்திரண்டு சைக்கிள்கள் தாம்பரத்திலிருந்து கிளம்பின. இருபத்திரண்டாவது சுந்தரராமனுடையது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது ஹாண்டில் பாம்பாக நெளிந்தது. வண்டலூரிலேயே மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் தண்ணீர்க்குடமும் பங்க்சர் சாமானும் ஏற்றிக்கொண்டு மாரியின் ரிக்‌ஷா மட்டும் வந்தது. ஜெபராஜை வாரா வாரம் ஒற்றை ஆளாக டாக்டரிடம் கூட்டிப் போய் வந்த ரிக்‌ஷாக்காரர் மாரி. கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய், பக்கத்திலேயே நின்று, திரும்பவும் கொண்டுவந்து சேர்ப்பார்.

ஊரப்பாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் சுந்தரராமன் சைக்கிளை நிறுத்தினார். ஒழுங்காகத்தான் இறங்கினார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு, ரோடென்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதார்.

மாரி ரிக்‌ஷாவை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தார். "இன்னா சார், இன்னா ஆச்சு? அடி பட்டுச்சா?"

"நான்தான் மாரி அவரைக் கொன்னேன். நான் ஒழுங்காக் கத்துண்டிருந்தா ஜனவரியிலேயே முடிஞ்சிருக்கும். ஆபரேஷன் நடந்திருக்கும். பதினைந்து வருஷ சிநேகிதம். ஒரு சைக்கிள் ஓட்டத் தெரியாம அவரைக் கொன்னுட்டேன்."

மாரி குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். சுந்தரராமன் குடித்து முடிக்கும்வரை தலைத் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"ஆப்ரேசன்லாம் இனிமே ஆவாதுனு கிறிஸ்மஸ் அப்பவே டாக்டரு கைய விரிச்சுட்டாரு சார்; வாத்தியாரு தான் வர்ற வழில, 'மாரி, எங்க வூட்ல கூட சொல்லிடாத, சொன்னா எதிர்வூட்டுக்காரரு சைக்கிள் கத்துக்கறத வுட்ருவாரு, அப்பால நான் எத பாத்துகினு படுத்துக்கினு இருக்கறது'ன்னாரு."