ஆப்னரின் அகால மரணம்

ஆப்னர் உயிரோடு இருக்கிறான் என்று லொரேன் ஹூபருக்குத் தெரியவந்தபோது, அவனை அடக்கம் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மே மாதத்து வியாழக்கிழமை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் மேலே போய்விட்டார்கள். ஆண்டு விழாவில் வாசிக்க நல்லதாக ஒரு பத்தி தேடி, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நின்றபடி அவள் நாவலின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அதில் ஆப்னர் கோவேறு கழுதை ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். செத்தவன் பேசுகிற மாதிரி இல்லை. நன்றாகவே பேரம் பேசினான்.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் நான்கு குடும்பங்கள் பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில் வாரம் ஒரு நாள் கூடும். ஆளுக்கொரு பாடம் எடுப்பது தாய்மார்களின் விதி. பாடம் பிரிக்கும் கூட்டத்துக்கு லொரேன் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனாள். செவ்விலக்கியம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

நூற்றெழுபது வருடப் பழைய நாவல். கால்வாயில் படகு ஓட்டும் ஆப்னரின் கதை, மூன்று பாகம். பிள்ளைகளுக்கு முதல் பாகம். அதுவே அறுநூறு பக்கம். லொரேன் பதினோராம் பக்கத்தில் மூன்று தடவை தூங்கிப்போனாள். நல்லவேளையாக, பழைய பாடப்புத்தகச் சந்தையில் ஆசிரியர் கையேடு ஒன்று கிடைத்தது. கேள்வி, விடை, மதிப்பெண் எல்லாம் அதில் இருந்தது. "ஆசிரியர் நாவலைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை" என்று பின்னட்டையில் தைரியமும் சொல்லியிருந்தார்கள். முன்னட்டையில் யாரோ காபிக் கோப்பையை வைத்த வட்டம் ஒன்று இருந்தது. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வட்டத்துக்குள் மங்கலாக இரண்டு சொற்கள் தெரிந்தன. மூன்றாம் பாகம்.

அக்டோபரில் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"அம்மா, ஆப்னர் சாகலையே?" என்று கேட்டவன் அவளுடைய மகன் டோபி. வயது பன்னிரண்டு.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் உனக்கு அம்மா இல்ல."

"மிஸ், ஆப்னர் சாகல."

"மேலோட்டமாப் படிச்சா உயிரோட இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆழமாப் படி."

"எவ்ளோ ஆழமா மிஸ்? நானூத்திப் பத்தாம் பக்கத்துல உக்காந்து அவிச்ச முட்டை சாப்பிடறான்."

மற்ற மூவரும் குனிந்து நோட்டைப் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் லொரேனின் கவலையெல்லாம். 'ஆப்னரின் மரணம் உணர்த்துவது என்ன?' என்ற கட்டுரைக்கு மற்றவர்கள் தொண்ணூறுக்கு மேல் வாங்கினார்கள். டோபிக்கு முப்பத்தெட்டு. அதன் பிறகும் அவன் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும், 'ஆப்னர் உயிரோடு இருப்பதால்' என்றுதான் தொடங்கியது. மதிப்பெண் முப்பத்தைந்துக்கு இறங்கி, முப்பத்தொன்றில் நின்றது. சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிற பையன், டிசம்பருக்குள் உப்பை நகர்த்தச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்று மாலையே முடிவு செய்தாள். அவனுக்குப் பிடித்த, கோழிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' செய்தாள். அது வெந்த நேரத்தில் முடிவும் கொஞ்சம் இளகிவிட்டது.

"டோபி, உன் முப்பத்தெட்டை எண்பத்தெட்டா மாத்திட்டேன்."

"ஏன்?"

"திரும்பப் படிச்சுப் பாத்தேன்."

"எதை? என் கட்டுரையவா, புத்தகத்தையா?"

"கட்டுரையத்தான்."

"ஓ," என்றான் டோபி. வைத்ததில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை ஜானெல் தொலைபேசியில் வந்தாள். அறிவியல் எடுக்கிறவள். கோராவின் அம்மா.

"ஒரே நாள்ல அம்பது மார்க்காமே? எங்க வீட்டுப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"மறுமதிப்பீடு ஜானெல். எல்லாருக்கும் உண்டு."

"அப்ப கோராவுக்கு?"

"தொண்ணூத்தாறு இருந்துச்சு. இப்ப..." லொரேன் அவசரமாகக் கணக்குப் போட்டாள். "நூறு."

கோராவுக்கு நூறு கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மதியத்துக்குள் நான்கு பேருக்கும் நூறு. டோபிக்கும் நூறுதான். ஆப்னர் செத்தான் என்றாலும் நூறு, சாகவில்லை என்றாலும் நூறு. இலக்கிய ஆய்வில் இவ்வளவு பரந்த மனசு அந்த மாவட்டத்தில் அதுவரை யாருக்கும் இருந்ததில்லை.

ஆண்டு முடிவில் மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளைகளின் கட்டுரைக் கோப்புகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் மாவட்டப் பள்ளி நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும். இவர்களுக்கு மிசஸ் யோடர். நாற்பது வருடம் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோப்புகளை எடை பார்த்தே கையெழுத்துப் போடுகிறவர் என்று பேர். அடுத்த வாரம் நான்கு நூறைப் பார்த்ததும் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோப்புகளைத் திறந்து படித்தவர், வியாழன் இரவே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"லொரேன், கட்டுரையெல்லாம் படிச்சேன். எனக்கு உயிரான புத்தகம் அது. முதல் பாகத்த ஏழு தடவ படிச்சிருக்கேன்."

"அப்படியா," என்றாள் லொரேன். குரல் கீழ்த்தளத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"அதுல ஆப்னர் எப்பச் செத்தான்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு. அடுத்த வியாழக்கிழமை வகுப்புக்கே வந்துடறேன்."

இனி ஒரே வழிதான் பாக்கி. லொரேன் நாவலைப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை கோழிக்கூட்டுப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு, சனிக்கிழமை துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்தபடி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டிக்குள் உட்கார்ந்து. பதினோராம் பக்கத்தைத் தாண்டியதும் தூக்கம் வரவில்லை. ஆப்னர் அவித்த முட்டை சாப்பிடும் இடத்தில் சிரித்தாள். அதற்கடுத்த பக்கத்தில் வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். வெளியே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அழுகிற முகத்தைக் காட்ட முடியாது.

வீட்டுக்கு வந்து டோபியின் அக்டோபர் கட்டுரையை எடுத்தாள். 'ஆப்னர் சாகவில்லை. அவன் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை, அவ்வளவுதான். அதனால் அவன் கழுதையிடம் பேசுகிறான். கழுதை மார்க் போடாது.'

பக்கத்தில் சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து: 'ஆதாரம் இல்லை. ஒழுங்காகப் படித்துவிட்டு எழுதவும்.'

அந்தச் சிவப்பை அழித்துப் பார்த்தாள். தாள்தான் கிழிந்தது.

வியாழக்கிழமை மிசஸ் யோடர் பின்வரிசையில், குழந்தைகளின் ஞாயிறு பள்ளிக்கு வைத்திருந்த குட்டை நாற்காலியில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார். ஜானெலும் வந்திருந்தாள், நியாயம் கேட்க. அடுத்த வருடமும் இந்த வகுப்பு தன்னிடம் இருக்குமா, கையெழுத்து விழுமா என்றெல்லாம் லொரேன் காரில் வரும்போது யோசித்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் டோபியின் உச்சந்தலை மட்டும்தான் கண்ணில் பட்டது. அவன் நிமிரவில்லை.

"ஆப்னர் சாகல," என்றாள்.



"நான் வெச்சிருந்தது மூணாம் பாகத்துக் கையேடு. புத்தகத்த நான் படிக்கவே இல்ல. போன ஞாயித்துக்கிழமைதான் படிச்சு முடிச்சேன். வருஷம் பூரா டோபி எழுதினதுதான் சரி. நான் அவனுக்கு முப்பத்தெட்டு போட்டேன், முப்பத்தொண்ணு போட்டேன். அந்தப் புத்தகத்த ஒழுங்காப் படிச்ச ஒரே ஆளு அவன்தான். அவன ஒரு வருஷம் பொய்யனாக்கி வெச்சிருந்தேன்." மற்ற மூவர் பக்கம் திரும்பினாள். "உங்க மூணு பேரையும் தப்பா எழுத வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஜானெல் கேட்க வந்த நியாயத்தை விழுங்கினாள். மிசஸ் யோடர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா இந்த மூணு கட்டுரையும் மூணாம் பாகத்துக்கு அவ்வளவு பொருத்தமா இருக்கே," என்றார் மெதுவாக. "கையேட்ட மட்டும் கேட்டுக்கிட்டு இப்படி எழுத முடியாதே?"

பையன்கள் இருவரும் கோராவைப் பார்த்தார்கள். கோரா டோபியைப் பார்த்தாள். டோபி வேண்டாம் என்று தலையாட்டினான். ஒரு வருடம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த பதினொரு வயதுக்காரிக்கு அது போதவில்லை.

"அக்டோபர்லயே டோபிதான் நூலகத்துலேருந்து மூணாம் பாகத்த எடுத்துட்டு வந்து எங்க மூணு பேரையும் படிக்க வெச்சான், மிஸ். 'நாலு பேரும் தப்புன்னு சொன்னா எங்கம்மாவுக்கு அவமானமாப் போயிடும், நீங்கல்லாம் அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க, சரியா எழுதி அடி வாங்க நான் ஒருத்தன் போதும்'னான்."